உறைக்குள் பொன்னுலிங்கம்

“அக்கரைக்குப் போகிற பொருளுக்கு இக்கரையில் ஒரு கை வேண்டும்” என்று என் பெரியப்பா சொல்வார். அல்லது “இக்கரையில் கை இருந்தால் அக்கரை எதற்கு” என்று சொல்வார். கூட்டுறவுப் பண்டகசாலைத் தேர்தலில் மைக் பிடிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் முடிப்பார். அதற்குள் கைதட்டல் எழுந்துவிடும். சரியான வாசகம் எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு முறை ஜெயித்தார்.

எங்கள் ஊரின் வடகரை ஸ்கிரிப்டில் ஓடுகிறது. தென்கரை, கம்ப்யூட்டர்காரர்கள் சொல்வதுபோல, கம்பைல் செய்யப்பட்டது. நடுவில் ஆறு, ஆற்றின் மேல் பாலம், பாலத்தின் நடுவில் ஒப்படைப்பு அலுவலகம். நான் அங்கே குமாஸ்தா.

வடகரையில் வாழ்க்கை வரி வரியாக நடக்கும். ஒரு வரி முடிந்த பிறகுதான் அடுத்த வரி என்ன என்று பார்ப்பார்கள். கல்யாணப் பந்தலில் தாலி கட்டும் வரி வரும்போதுதான் மாப்பிள்ளை இல்லை என்பது தெரியவரும். பக்கத்தில் நிற்கிற ஆளை மாப்பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். சொன்னதும் அவர் மாப்பிள்ளைதான். சாயங்காலம் அவரையே பந்தல்காரர் என்று சொன்னால் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றுவார்.

தென்கரை அப்படி இல்லை. அங்கே எல்லாவற்றையும் முன்பே எழுதி, சரிபார்த்து, ஊர் மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். ஓட ஆரம்பித்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அன்று தென்கரை கண் விழிக்காது. விழித்துவிட்டால் மிக வேகம். அவர்கள் காபி குடிப்பதைப் பார்க்க முடியாது. தம்ளர் காலியாக இருப்பதைத்தான் பார்க்கலாம்.

எண்கள் பாலத்தைத் தாமாகவே கடக்கும். ஆம், இல்லை என்ற பதில்கள் கடக்கும். அரிசியை எண்ணிவிட்டால் அரிசியும் கடக்கும். ஆனால் வடகரை தன் போக்கில் உண்டாக்கிக்கொண்ட பொருள்கள், அதாவது ஆட்கள், ஆடுகள், தையல் மிஷின்கள், சம்பந்திகள் போன்றவை அப்படியே கடக்க முடியாது. தென்கரைக்கு அவற்றின் வடிவம் தெரியாது. தெரியாத வடிவம் உள்ளே போனால் நேராக அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துவிடும்.

ஆகவே அவற்றை உறைக்குள் வைத்துத் தைத்து அலுவலகக் கூடத்தில் உட்கார வைப்போம். ஒரு டோக்கன் மட்டும் தென்கரைக்குப் போகும். அங்கே டோக்கனிடம் ஒன்றைச் சொன்னால் இங்கே உறைக்குள் இருப்பவர் அதைச் செய்வார், அது அவருடைய பட்டியலில் இருந்தால். உறையிலிருந்து ஒரு வெள்ளை நூல் வெளியே தொங்கும். அதை வடகரைக்காரர் யாராவது ஒருவர் பிடித்திருக்க வேண்டும். வடகரையில் யாரும் பிடிக்காத பொருளைக் கூட்டுகிறவர்கள் வந்து எடுத்துப் போய்விடுவார்கள். எடுத்துப் போனது திரும்புவதில்லை. எங்கள் ஊர் சுத்தமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எட்டாம் வகுப்புவரை நான் வடகரையில் படித்தேன், பிறகு தென்கரையில். இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு நாற்பத்தேழாவது வயதில் திரும்பியபோது, இரண்டு பேச்சும் தெரிந்தவன், எந்தக் கரையையும் சேராதவன் என்று இந்த வேலையைக் கொடுத்தார்கள். இரண்டாவது தகுதியைத்தான் அவர்கள் முக்கியமாகக் கருதினார்கள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தங்கபுஷ்பம் என்பவர் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் பெயர் பொன்னுலிங்கம். தோளில் ஒரு ரெக்சின் பை. வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“என்ன விஷயமா போகணும்?” என்றேன்.

“வால்வு சார். ஊருக்கெல்லாம் குக்கர் வால்வு மாத்துறவுக. அவுக நெஞ்சுலயே வால்வு போயிருச்சு. சிரிக்கணும்னா சிரிச்சுக்கிடுங்க. எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு.”

வடகரையில் டாக்டர்கள் இருக்கிறார்கள். திறந்து பார்த்து, உள்ளே என்ன இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி யோசிக்கிறவர்கள். போன மாதம் ஒருவருக்குக் குடல்வால் எடுக்கப் போய், பாதியில் அவரையே டாக்டர் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். வால்வை அப்படி மாற்ற முடியாது. தென்கரை டாக்டர் குணவதிக்குப் பொன்னுலிங்கத்தின் நாடித் துடிப்புகளை எண்ணி அனுப்பியிருந்தார்கள். அவரும் எண்ணாலேயே பதில் அனுப்பியிருந்தார். 3. மூன்று நாளுக்குள் மாற்றியாக வேண்டும்.

நான் பட்டியல் படிவத்தை எடுத்தேன்.

“என்னென்ன செய்வார்?”

“குக்கர், மிக்ஸி, கிரைண்டர் பாப்பாக. வால்வு மாத்துவாக. கேஸ்கட் மாத்துவாக.”

“வேற?”

“திட்டுவாக.”

“யாரை?”

“பொதுவா.”

“அது வெளியே தெரியணுமா, உள்ளேயே இருக்கட்டுமா?”

தங்கபுஷ்பம் யோசித்தார். “டாக்டரம்மா முன்னாடி வேண்டாம். உள்ள இருக்கட்டும்.”

‘உள்ளே’ என்று குறித்தேன். அப்படிக் குறித்தது தன்பாட்டுக்கு நடக்கும். தென்கரையிலிருந்து அதைக் கூப்பிட முடியாது.

“நான் எப்பட்டி திட்டுனேன்?” என்றார் பெஞ்சிலிருந்து பொன்னுலிங்கம்.

“வால்வு போன மனுசன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்.”

“வாய்க்கும் வால்வுக்கும் என்னட்டி சம்பந்தம்? என்கிட்ட கேளு. இருபத்தாறு வருச சர்வீஸு.”

பட்டியல் பதினான்கு வரி வந்தது. மீன் முள் எடுத்துத் தருதல், பஸ் ஹாரனை வைத்துப் பஸ்ஸைச் சொல்லுதல், கோபத்தில் சாப்பிடாமல் இருத்தல், பிறகு சாப்பிடுதல். குறட்டையை எழுத வேண்டாம் என்று தங்கபுஷ்பம் கேட்டுக்கொண்டார். “போற இடத்துலயாவது மானத்தோட இருக்கட்டும் சார்.” நான் எழுதவில்லை.

அளவெடுத்துக் காக்கித் துணியில் உறை தைத்தேன். முகத்துக்கு நேராகச் சல்லடைத் துணி. ரெக்சின் பையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றதால் அதையும் மடியில் வைத்துத் தைத்தேன். தையலை நூலில் முடித்து, டோக்கன் 7718ஐத் தென்கரைக்கு அனுப்பிவிட்டு, நூலின் முனையைத் தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்தேன்.

“விட்டுடக் கூடாதும்மா.”

“இருபத்தாறு வருசமா விடலை” என்றார்.

புதன்கிழமை காலை தென்கரையிலிருந்து குரல் வந்தது. தென்கரைக்காரர்கள் எதைப் பேசப்போகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேசுவார்கள்.

“கட்டளை. பெறுபவர், டோக்கன் 7718. மூச்சை இழுத்துப் பிடிக்கவும். எதிர்பார்க்கும் விடை, ஆம்.”

பட்டியலைப் பார்த்தேன். பதினான்கு வரியிலும் மூச்சு இல்லை. வடகரையில் மூச்சைத் தனியாகக் கேட்டு எழுதும் வழக்கம் கிடையாது. ஆளைக் கொண்டுவந்தால் மூச்சோடுதான் கொண்டுவருவார்கள்.

“விடை. அப்படி ஒன்று இவரிடம் இல்லை” என்றேன்.

“கேள்வி. அவர் உயிருடன் உள்ளாரா?”

“ஆம்.”

“கேள்வி. எவ்வாறு?”

“உள்ளே.”

டாக்டர் குணவதி தென்கரைப் பட்டியல்களைப் புரட்டினார். தென்கரையில் ஒருவருக்கும் மூச்சு எழுதப்பட்டிருக்கவில்லை. அவருடைய பட்டியலிலும் இல்லை. இதுவரை யாரும் அதைக் கேட்காததால் ஊர் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கேட்கப்பட்டுவிட்டது. ஒரு வரி சேர்த்து, தென்கரை முழுவதையும் மறுபடி கட்டி ஓடவிடுவது என்று தீர்மானித்தார்கள். சேர்க்கப்பட்ட வரியை எனக்குப் படித்துக் காட்டினார்கள். “மூச்சு. காண்க, டோக்கன் 7718.” சரிதான் என்று நானும் பொன்னுலிங்கத்தின் பட்டியலில் பதினைந்தாவதாக மூச்சை எழுதினேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தென்கரை நின்றது. பஸ்கள் வளைவில் நின்றன. ஒரு காகம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நின்றது. மூன்று மணிக்குக் கட்டி முடிப்போம் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு நான் கூடத்துக்குப் போனபோது தங்கபுஷ்பம் இல்லை. நூலின் முனை தரையில் கிடந்தது. பக்கத்தில் ஓர் ஆட்டின் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“நாத்தனார் மகளுக்குச் சடங்காம். இலை போட்டாச்சுன்னு போன் வந்துது.”

“நூலை விட்டுட்டா போனாங்க?”

“டாக்டரம்மாதான் டோக்கனைக் கையில வச்சிருக்காகளே, ஒரே ஆளை ரெண்டு கரையிலயும் எதுக்குப் பிடிக்கணும்னு கேட்டாங்க. எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுது.”

வடகரைக்காரர்கள் எல்லோருமே இந்த இடத்தில் தவறுகிறார்கள். தென்கரைப் பிடி வடகரைக் கணக்கில் சேராது என்று சுவரில் இரண்டு கரைப் பேச்சிலும் எழுதி வைத்திருக்கிறோம். தென்கரைக்காரர்கள் அதைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது தேவையில்லை.

அதற்குள் கூட்டுகிற பேச்சிமுத்து, தள்ளுவண்டியோடு உள்ளே வந்துவிட்டார். பணிவானவர். யாருடைய பொருளையும் கேட்காமல் எடுக்க மாட்டார்.

“இது யாரு பிடி சார்?”

“இப்ப வந்துடுவாங்க.”

“வர்றது வேற, பிடிச்சிருக்கிறது வேற. உங்களுக்குத் தெரியாததா?”

“யாருவே அது?” என்று உறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நாந்தாண்ணே, பேச்சிமுத்து. போன மாசம் எங்க குக்கருக்குக் கேஸ்கட் போட்டுக் குடுத்தீங்களே.”

“விசிலு வருதா?”

“நல்லா வருதுண்ணே.”

“சரி. எங்க கூட்டிட்டுப் போற?”

“எங்கயும் இல்லண்ணே. எடுக்கத்தான் வந்திருக்கேன்.”

உறை கொஞ்சம் அசைந்தது. “ஏட்டி புஷ்பம்” என்றார் பொன்னுலிங்கம். சல்லடைத் துணி வழியாக என்னைப் பார்த்து, “பந்தி முடிஞ்சிருக்காது” என்றார்.

ஆட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு கைக்கு ஒரு நூல்தான் கணக்கு. அவருடைய இன்னொரு கை வருடங்களுக்கு முன்பே ஒரு தையல் மிஷினுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பேச்சிமுத்து உறையின் அடியில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

ஊழியர்கள் நூலைப் பிடிக்கக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. பிடித்தவர் அந்தக் கரையைச் சேர்ந்தவர் ஆவார், அவ்வளவுதான். சேர்ந்தவருக்கு மறுகரையின் பேச்சு தங்காது.

குனிந்து நூலை எடுத்துக்கொண்டேன். அது ஈரமாக இருந்தது.

“அப்ப நீங்க நம்மாளு” என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த ஒரு ஹார்மோனியத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பேச்சிமுத்து போனார்.

சுவரில் இருந்த விதியின் தென்கரைப் பாதி எறும்பு வரிசைபோலத் தெரிந்தது. கூர்ந்து பார்த்தேன். எறும்புகளும் அசையவில்லை. வாய்ப்பாட்டை நான் தென்கரைப் பேச்சில்தான் மனப்பாடம் செய்திருந்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்துப் பார்த்தேன். ஏழு என்பது ஒன்றாக நின்றது, அதற்கு மேல் பெருகவில்லை. முதல் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டது, வெளிநாட்டில் ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்டது, தூங்கும் முன் என்னிடம் நானே பேசிக்கொள்வது எல்லாம் அந்தப் பேச்சில்தான். மன்னிப்புக் கேட்டது ஞாபகம் இருந்தது. என்ன சொல்லிக் கேட்டேன் என்பது இல்லை.

இரண்டு மணிக்குத் தங்கபுஷ்பம் வாழையிலைத் துண்டில் இரண்டு வடையோடு வந்தார்.

“நீங்களா சார் பிடிச்சிருக்கீக? கை வலிக்குமே. குடுங்க.”

கொடுத்தேன். வடையைச் சாப்பிட்டேன்.

மூன்று பத்துக்குத் தென்கரை எழுந்தது. காகம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போயிற்று. டாக்டர் குணவதியின் குரல் வந்தது. ஆனால் எனக்கு அது மழைச் சத்தம்போல இருந்தது. டோக்கனுக்கு அது போதும். உறைக்குள் பொன்னுலிங்கம் மூச்சை இழுத்துப் பிடித்தார். வால்வு மாற்றுதல் அவர் பட்டியலிலேயே இரண்டாவது வரி என்பதால், டாக்டர் வரிசையைச் சொல்லச் சொல்ல, அவரே ரெக்சின் பையைத் திறந்து மாற்ற ஆரம்பித்தார். பையில் பதினொரு வால்வு இருந்தது.

“ஏட்டி, அந்தச் சின்ன திருப்புளி வெளிய விழுந்திருச்சு. எடுத்துக் குடு.”

“உள்ள கை விடக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

“இது ஒரு ஆபீசு! சரி, நகத்தாலயே திருகிக்கிடுதேன்.”

அவர் பொதுவாகத் திட்டுவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒரு விசில் வந்தது. தங்கபுஷ்பம் கண்களை மூடிக்கொண்டார். இரண்டாவது விசில் வந்ததும், “வந்துருச்சு சார்” என்று சொல்லி, நூல் பிடித்த கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை உறையைப் பிரிக்கக் கத்தரியோடு போனேன். பொன்னுலிங்கம் தெளிவாக இருந்தார். காக்கித் துணியின் தூசு மூக்கில் ஏறி ஒருமுறை இருமினார். அதே நேரத்தில் ஆற்றுக்கு அப்பால் தென்கரை இருமியது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள், பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற பிள்ளைகள், கொடிக் கம்பத்தின் கீழே நின்ற காவலர் எல்லோரும் இருமி முடித்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்கள். “ஒண்ணுமில்ல, தூசு” என்றார் பொன்னுலிங்கம். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தார். தென்கரையில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் மெதுவாக ஆட்கள் இருந்த பக்கம் சாய்ந்தன.

தென்கரை ஆள் ஒருவர் பாலத்தின் பாதிவரை ஓடிவந்து ஒரு தாளை நீட்டினார். எழுத்து எனக்குப் புரியவில்லை. எண்கள் புரிந்தன. மூன்று லட்சத்து நாற்பதாயிரம், தென்கரையின் தலைக்கணக்கு. அதன் கீழே ஒன்று. அவர் என் கையிலிருந்த கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார். உறையைப் பிரித்தால் டோக்கன் செல்லாது, அக்கரையில் யாருக்கும் மூச்சு இருக்காது என்றேன்.

“அதுக்கு?” என்றார் தங்கபுஷ்பம். “இவுக காலமெல்லாம் இங்கயே உக்காந்திருக்கணுமா? அவுகளுக்குச் சொந்தமா ஒரு மூச்சு வாங்கத் துப்பில்லையா?”

“வேற மூச்சு எழுதி ஊரைக் கட்ட ஆரம்பிச்சா மறுபடி நிறுத்தணும்மா. மூச்சோட நிறுத்தினா எழுந்திருக்க மாட்டாங்க.”

“வீட்டுல மூணு மிக்ஸி தொறந்து கெடக்கு சார்” என்றார் பொன்னுலிங்கம். “நான் வீட்டுக்குப் போகணும்.” அவர் பெருமூச்சு விட்டார். பாலத்தில் நின்ற ஆளும் விட்டார்.

விதிப் புத்தகத்தை எடுத்து, எனக்குப் புரிந்த பாதியைப் படித்தேன். உறையின் துணி, தையல், நூல் பற்றியெல்லாம் இருந்தது. அளவு பற்றி ஒன்றும் இல்லை. உறைக்குள் என்ன இருக்கிறது என்பது தென்கரைக்குத் தேவையில்லாத விஷயம் என்று மட்டும் இருந்தது.

அன்று மாலைக்குள் உறையை விரித்துத் தைத்துப் பொன்னுலிங்கத்தின் வீட்டையும் அதற்குள் கொண்டுவந்தோம். அவர் தன் கட்டிலில் உட்கார்ந்தார். தங்கபுஷ்பமும் உள்ளே போய் உலை வைத்தார். உள்ளே இருப்பவர் பிடிக்கும் நூல் கணக்கில் சேராது என்பதால் நூலை நான் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை புகார் வந்தது. உறை போட்ட வீட்டுக்குள் குக்கரைக் கொண்டுவர ஆட்களுக்கு வழி தெரியவில்லை. தெருவையும் சேர்த்துத் தைத்தோம். டீ குடிக்காமல் அவருக்கு வேலை ஓடாது என்பதால் முக்குக் கடையைச் சேர்த்தோம். டீக்கடைக்குப் பால் வர வேண்டும், பாலுக்கு மாடு வர வேண்டும், மாட்டுக்கு ஆற்றோரப் புல் வேண்டும். காக்கித் துணி தீர்ந்துபோனபோது ஒருவரைத் துணி என்று சொன்னோம், அவர் விரிந்து கொடுத்தார். ஐப்பசி பாதியில் வடகரை முழுவதும் உள்ளே இருந்தது. மழையின் சத்தம் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். வேறு குறை இல்லை. தென்கரை நிமிடத்துக்குப் பதினாறு முறை மூச்சுவிட்டது. பொன்னுலிங்கத்துக்குக் குறட்டை வரும் நேரங்களில் அங்கே ஜன்னல்கள் அதிர்ந்தன. பட்டியலில் இல்லாததால் அவர்களால் அதைக் கூப்பிடவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

கடைசித் தையல் பாலத்தின் வடக்கு முனையில் மிச்சமிருந்தது. ஓர் ஆள் நுழையும் அளவு. பேச்சிமுத்து தள்ளுவண்டியை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்து, என்னிடம் படிவத்தை நீட்டினார்.

“உள்ளேயா வெளியேயான்னு ஒரு வார்த்தை எழுதிருங்க சார். உங்களுக்கு எங்க தெருவுல ஒரு வீடு பாத்து வச்சிருக்கு.”

“நானும் உள்ளே வந்துட்டா நூலை யார் பிடிக்கிறது?”

“யாரும் பிடிக்கலைன்னா எடுக்க வேண்டியதுதான். உள்ள இருந்துக்கிட்டே எங்களையும் சேத்து நாங்களே எடுத்துருவோம். வேலைன்னா வேலைதானே.”

“வாங்க சார்” என்று உள்ளேயிருந்து பொன்னுலிங்கத்தின் குரல் கேட்டது. “நம்மாளு எதுக்கு வெளியில நிக்கணும்? மீன் குழம்பு இருக்கு. முள்ளெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.”

“சூடு ஆறுது” என்றார் தங்கபுஷ்பம்.

படிவத்தைத் தொடையின் மேல் வைத்து, ‘வெளியே’ என்று எழுதிக் கொடுத்தேன்.